கதையில் வரும் மாதர்: ஓர் எளிய சோதனையின் வரலாறு

தோட்டத்துக் கிராணியின் கையில் நாள்தோறும் இருப்பது ஒரு பெயர்ப்புத்தகம். செக்ரோல் என்று நம்மவர் அதனை வழங்குவர். ஒருவர் நல்லவரா, தீயவரா என்பதை அப்புத்தகம் கூறாது. அவருடைய உழைப்பின் அருமையையும் கூறாது. வேலைக்கு வந்தவர் யார், வராதவர் யார், எத்தனை நாளுக்குச் சம்பளம் என்ற அளவே கூறும். ஆயினும் அச்சிறு புத்தகத்தில் ஒருவர் பெயர் விடுபட்டுப் போயிற்றாயின், அவர் வெயிலிலும் மழையிலும் நின்று உழைத்தது உண்மையேயாயினும் சம்பள நாளில் அவர்க்குக் காசில்லை. பதிவேட்டின் சிறுமையும் இதுவே. அதன் வலிமையும் இதுவே.

கதைகளில் மாதர் எவ்வாறு இடம் பெறுகின்றனர் என்பதை அளக்க மேனாட்டார் ஓர் எளிய சோதனையைக் கண்டனர். அதுவும் ஒருவகைச் செக்ரோல் என்பதே நமது கருத்து. அதன் வரலாற்றைக் கூறி, அதனைக் கொண்டு நம் தமிழ்க் கதைகளையும் ஒருவாறு அளந்து பார்ப்போம்.

சோதனை யாதெனில், ஒரு கதையையோ திரைப்படத்தையோ எடுத்துக்கொண்டு மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். அதில் பெண்கள் இருவரேனும் உளரா? அவ்விருவரும் ஒருவரோடொருவர் பேசுகின்றனரா? அப்பேச்சு ஓர் ஆடவனைப் பற்றியதாக அன்றி வேறொரு பொருளைப் பற்றியதாக இருக்கின்றதா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வருமாயின் அக்கதை தேறிற்று. அவ்விருவர்க்கும் பெயர் இருத்தல் வேண்டும் என்று பின்வந்தோர் சிலர் ஒரு நிபந்தனையைக் கூட்டினர். இவ்வினாக்களைக் கேட்பதற்குப் பெரும் புலமை வேண்டுவதில்லை. கதை கேட்கும் குழந்தையும் இவற்றைக் கேட்கலாம்.

சோதனை பிறந்த விதம்

இவ்வினாக்களின் வேரைத் தேடுவோர் 1928-ஆம் ஆண்டுக்குச் செல்வர். அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள நியூனம், கர்ட்டன் என்னும் மாதர் கல்லூரிகள் இரண்டிலும் வர்ஜீனியா வுல்ப் என்னும் எழுத்தாளர் மாதரையும் கதை இலக்கியத்தையும் பற்றி உரையாற்றினார். அவ்வுரைகளை விரித்து, ‘தனக்கென ஓர் அறை’ என்று பொருள்படும் பெயருடன் 1929-இல் நூலாக வெளியிட்டார். அந்நூலில் அவர், தாம் கற்பனையாகப் படைத்த ஒரு பெண் எழுதிய நாவலைப் பிரித்துப் படிப்பதாகக் கூறுகின்றார். அந்நாவலில் பெண்கள் இருவர் ஓர் ஆராய்ச்சிச் சாலையில் சேர்ந்து வேலை செய்கின்றனர். ஒருத்திக்கு மற்றவளைப் பிடித்திருக்கின்றது. இச்சிறு செய்தி அவரை வியப்பில் ஆழ்த்துகின்றது. தாம் அதுகாறும் கற்ற ஆங்கிலக் கதைகளில் பெண்கள் பெரும்பாலும் ஆடவரோடு உறவுபடுத்தியே காட்டப்பட்டனர் என்பதும், பெண்ணுக்குப் பெண் தோழியாகி ஒரு தொழிலில் கூடி நிற்கும் காட்சி மிக அரிது என்பதும் அப்பொழுதுதான் அவர் நினைவில் உறைத்தன. இலக்கியத்தில் ஆடவர் அனைவரும் பெண்களின் காதலராக மட்டுமே தோன்றி, நண்பராகவும் வீரராகவும் சிந்தனையாளராகவும் தோன்றாதிருந்தால் இலக்கியம் எவ்வளவு வறுமையுற்றிருக்கும் என்றும் அவர் எண்ணிப் பார்க்குமாறு செய்தார்.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் அமெரிக்காவில் அவ்வெண்ணம் மூன்று வினாக்களாக வடிவு பெற்றது. அலிசன் பெக்டெல் என்பவர், பெண்களை விரும்பும் பெண்களின் வாழ்வைச் சித்திரத் தொடராக வரைந்து வந்தார். 1985-இல் ‘விதி’ என்ற தலைப்பில் அவர் வரைந்த சித்திரத்தில் பெண்கள் இருவர் படக்கொட்டகைகளைக் கடந்து நடக்கின்றனர். ஒருத்தி, மேற்கூறிய மூன்று நிபந்தனைகளும் நிறைவேறும் படத்தையே தான் பார்ப்பதென்று விதி வைத்திருப்பதாகக் கூறுகின்றாள். அவ்விதிக்கு இணங்கித் தான் கடைசியாகப் பார்த்தது 1979-இல் வெளிவந்த ‘ஏலியன்’ படமே என்கின்றாள். அதில் இரு பெண்கள் ஓர் அரக்கப் பிராணியைப் பற்றிப் பேசிக்கொள்வார்களாம்! வேடிக்கையாகக் கூறப்பட்டதாயினும் அதனுள்ளே சினம் உண்டு. இவ்விதி தம் தோழியாகிய லிஸ் வாலஸ் என்பவர் கூறியது என்று பெக்டெல் சித்திரத்திலேயே குறித்தார். ஆகவே மாதரின் நட்பை அளக்கும் சோதனையே இரு தோழியரின் பேச்சிற் பிறந்ததென்பது சிந்திக்கத்தக்கது.

நெடுங்காலம் சிறு வட்டத்தில் மட்டும் வழங்கிய அவ்விதி இந்த நூற்றாண்டிலே உலகெங்கும் பரவிற்று. 2013-இல் ஸ்வீடன் நாட்டின் படக்கொட்டகைகள் சில, சோதனையில் தேறிய படங்களுக்கு ஒரு முத்திரை அளிக்கத் தொடங்கின. 2014-இல் வெளியான கணக்கொன்று, 1990 முதல் 2013 வரை வெளிவந்த படங்களுள் ஏறத்தாழ 1,600 படங்களை அளந்தது. அவற்றுள் தேறியவை பாதியைச் சிறிதே தாண்டின. தனியொரு படத்தைப் பற்றி வழக்காடலாம். ஆயிரத்து அறுநூறு படங்களைப் பற்றி என்ன வழக்காடுவது?

சோதனையின் குறை

எனினும் குறை கூறுவோர் கூற்றிலும் நியாயம் உண்டு. 2013-இல் வெளிவந்த ‘கிராவிட்டி’ என்னும் படத்தின் தலைவி வானவெளியில் தனித்து விடப்பட்டுத் தன் அறிவாலும் துணிவாலும் உயிர் பிழைத்து மண்ணுக்கு மீள்கின்றாள். கதை முழுதும் அவளுடையதே. பேசுவதற்கு அங்கு வேறொரு பெண் இல்லையாதலால் படம் தோற்கின்றது. அதே ஆண்டில் வெளிவந்த ‘பசிபிக் ரிம்’ என்னும் படத்தில் மாக்கோ மோரி என்னும் பெண் சிறந்ததொரு பாத்திரம், அப்படமும் தோற்றது. அதைக் கண்ட அன்பர்கள், ‘பெண் ஒருத்தியேனும் இருக்கிறாளா? அவளுக்கென்று சொந்தக் கதை உண்டா? அக்கதை ஓர் ஆடவன் கதைக்கு முட்டுக் கொடுப்பதற்காக மட்டும் அமைந்ததன்று என்று கூறலாமா?’ என வேறு மூன்று வினாக்களை அமைத்து, அதற்கு மாக்கோ மோரி சோதனை என்றே பெயரிட்டனர். ஒரு கோல் அளக்காததை மற்றொரு கோல் அளந்தது.

பழந்தமிழில் இரு பெண்கள்

இனி நம் இலக்கியத்திற்கு வருவோம். இரு பெண்கள் தம்முள் பேசும் காட்சிக்குப் பழந்தமிழில் பஞ்சமில்லை. அகப்பாடல்களில் தலைவியும் தோழியும் பேசாத நாளில்லை. ஆயினும் அவர்கள் பேசுவது யாரைப் பற்றி? தலைவனைப் பற்றியே. அவன் வந்தான், வரவில்லை, பொருள் தேடிப் போனான், பரத்தையை நாடினான் என்பதே பேச்சு. அவ்விருவர்க்கும் பெயரும் இல்லை. அது அகத்திணையின் மரபு. அதனைக் குற்றமாகக் கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் மூன்றாம் வினாவில் அவை நின்றுவிடுகின்றன என்பதை மறைத்தலும் கூடாது.

சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் தேவந்தியும் பேசுகின்றனர். இருவர்க்கும் பெயர் உண்டு. கணவன் மீண்டு வரவேண்டுமாயின் இரு பொய்கைகளில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தைத் தொழ வேண்டுமென்று தேவந்தி கூறுகின்றாள். அது தனக்குப் பெருமையன்று என்று கண்ணகி மறுக்கின்றாள். பொருள் கணவனே யாதலின் விதிப்படி இப்பேச்சு தோற்றது. ஆனால் அம்மறுப்பில் தெரியும் மானத்தை எந்தக் கோல் அளக்கும்? பின்னர் அரசவையில் நீதி கேட்கப்போகும் பெண்ணின் குரலை நாம் முதலில் கேட்பது அங்கேயே அன்றோ?

மணிமேகலையோ மூன்று வினாக்களிலும் தலைநிமிர்ந்து தேறுகின்றது. மணிபல்லவத் தீவிலே மணிமேகலை தனித்து நிற்கின்றாள். தீவதிலகை என்பாள் அவளைக் காண்கின்றாள். இருவரும் பேசுவது எதைப் பற்றி? கோமுகிப் பொய்கையினின்று எழும் அமுதசுரபி என்னும் பாத்திரத்தைப் பற்றியும், மக்களைப் பற்றி அழிக்கும் பசியின் கொடுமையைப் பற்றியும், அதனைத் தீர்க்கும் அறத்தைப் பற்றியும். ஊர் திரும்பியபின் முதற் பிச்சையை யாரிடம் பெறுவது என்பதை அவள் அறிவதும் காயசண்டிகை என்னும் மற்றொரு பெண்ணிடமே; முதற் பிச்சை இடுபவளும் ஆதிரை என்னும் பெண்ணே. ஆராய்ச்சிச் சாலையில் இரு பெண்களைக் கண்டு வியந்த வுல்ப் அம்மையார், பசிப்பிணியைத் தீர்க்கும் வழியை இரு பெண்கள் ஆராயும் இக்காட்சியைக் கண்டிருப்பின் என்ன கூறியிருப்பாரோ!

பழம்பெருமை பாடுவதற்காக இதனைக் கூறினோமல்லோம். முன்னோர் செய்ததைப் பின்னோர் தொடர்ந்தனரா என்பதே வினா.

நாவல் பிறந்த பின்

தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் வெளிவந்தது. அதனை இயற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை பெண் கல்விக்காக வாதாடியவர். அவர் படைத்த ஞானாம்பாள் அறிவிற் சிறந்தவள். விக்கிரமபுரி என்னும் நாட்டை அரசாளவும் செய்கின்றாள். ஆனால் ஆண் வேடம் பூண்டே அரசாள்கின்றாள்! பெண்ணால் ஆளமுடியும் என்று ஆசிரியர் நம்பினார். பெண் உடையில் ஆளலாம் என்று அக்காலத்து வாசகரை நம்பச் செய்ய அவரால் இயலவில்லை போலும். கதையைக் கூறுபவனும் கணவனாகிய பிரதாபனே.

அடுத்து, பி. ஆர். ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ப் பத்திரிகையில் தொடர்ந்து வந்தது. அதில் பெண்கள் பேசிக்கொள்ளும் இடங்கள் பல. ஊர்ப் பெண்கள் கூடி வம்பளக்கும் கூட்டத்திற்கு ‘வம்பர் மகாசபை’ என்றே ஆசிரியர் நகைச்சுவையாகப் பெயரிட்டார். ஊரார் வீட்டுச் செய்தியெல்லாம் அடிபடும் அச்சபை சோதனையில் எளிதில் தேறிவிடும். தேவந்தியை மறுத்த கண்ணகி தோற்க, வம்பர் சபை தேறுகின்றது! சோதனையை மட்டும் நம்புவோர்க்கு இது நல்ல எச்சரிக்கை.

அ. மாதவையா 1903-இல் வெளியிட்ட ‘முத்துமீனாக்ஷி’ வேறொரு வழியில் சென்றது. பால்ய விவாகத்தாலும் கைம்மையாலும் துன்புற்ற ஒரு பிராமணப் பெண் தன் வரலாற்றைத் தானே கூறுவதாக அது அமைந்தது. அவள் மறுமணமும் செய்துகொள்கின்றாள். எழுதியவர் ஆடவர், எனினும் ‘நான்’ என்று கதையிற் கூறும் உரிமையை ஒரு பெண்ணுக்கு அளித்தார். சோதனையின் மூன்று வினாக்களுள் இதற்கு இடமில்லை. ஆகவே ‘கதையைக் கூறுபவர் யார்?’ என்பதை நான்காம் வினாவாக நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

பின்னர்ப் பெண்களே எழுத முன்வந்தனர். வை. மு. கோதைநாயகி அம்மாள் குழந்தைப் பருவத்திலேயே மணம் முடிக்கப்பெற்றவர். பள்ளிக்கூடம் சென்று பயின்றவரல்லர். அவருடைய முதல் நூலாகிய ‘இந்திர மோஹனா’ என்னும் நாடகத்தை அவர் வாயாற் சொல்ல, பட்டம்மாள் என்னும் தோழி எழுதினார். 1925-இல் ‘ஜகன்மோகினி’ப் பத்திரிகையை ஏற்று நடத்தி, வாழ்நாளில் 115 நாவல்களை எழுதினார். அந்நாவல்களின் தரத்தைப் பற்றி அறிஞர் பலவாறு கூறுவர். நமக்கோ அந்த முதல் நூல் உருவான காட்சியே பெரிதாகத் தோன்றுகின்றது. ஒருத்தி சொல்கின்றாள்; ஒருத்தி எழுதுகின்றாள்; இடையே ஒரு நூல் பிறக்கின்றது. வுல்ப் கற்பனையில் கண்ட இரு பெண்கள் திருவல்லிக்கேணியில் மெய்யாகவே இருந்தனர்.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தாசிக் குடும்பத்தில் வளர்ந்து, அம்முறையை ஒழிப்பதற்கே தம் வாழ்வை ஈந்தவர். அவர் 1936-இல் வெளியிட்ட ‘தாசிகள் மோசவலை’ என்னும் நாவலில் பெண்கள் ஓயாமற் பேசுகின்றனர். ஆடவரைப் பற்றிய பேச்சே மிகுதி. ஆனால் அது காதற்பேச்சன்று. எவனிடம் எவ்வளவு பணம் பறிக்கலாம் என்னும் தொழிற்பேச்சு. பெண்ணைச் சரக்காக்கிய சமூகம் அவளை எவ்வாறு வணிகம் பேச வைத்தது என்பதை அம்மையார் உள்ளிருந்து கண்டு எழுதினார். 1947-இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியதற்கு உழைத்தவருள் அவரும் ஒருவர். இத்தகைய நூலை, ஆடவர் பெயர் எத்தனை முறை வந்ததென்று எண்ணி ஒதுக்குவது அறிவுடைமையாகாது.

நம் நாட்டிலே

மலாயாத் தோட்டங்களின் வரலாற்றைப் பார்ப்போர், பெண்கள் ஆடவர்க்குச் சமமாகப் பால்மரம் வெட்டியதையும் புல் பிடுங்கியதையும் காண்பர். 1920-களின் இறுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் அரசாங்கம் வரையறுத்த நாட்கூலி ஆடவர்க்கு 50 காசு, பெண்களுக்கு 40 காசு. 1943-இல் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படை அமைந்தபோது அதிற் சேர்ந்த தமிழ்ப் பெண்களுள் தோட்டங்களிலிருந்து சென்றவர் பலர். நாற்பது காசுக்கு உழைத்த பெண்களும், துப்பாக்கி ஏந்தப் பயின்ற பெண்களும் தம்முள் என்ன பேசியிருப்பர்? அதனை எழுதத் துணியும் எழுத்தாளர்க்கு வேலை ஏராளம்.

பிறரைக் குறை கூறுமுன் நம் குறையையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். நமக்கு ஓர் அக்காள் உண்டு. தந்தையார் காலமானபின் அவர் பால்மரம் வெட்டப் போனார். நாம் ஆங்கிலம் கற்கப் போனோம். சில ஆண்டுகளுக்கு முன் தோட்டத்துப் பெண்ணொருத்தியின் துயரத்தைக் கதையாக எழுதி, பெருமையோடு அவர்க்குப் படித்துக் காட்டினோம். முழுதும் கேட்டுவிட்டு அவர் கூறியது இது:

“நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இந்தப் பொண்ணு யார்கிட்டயும் பேசவே மாட்டாளா? பக்கத்து நெரையில வெட்டுற அக்காவும் நானும் பேசாத பேச்சா?”

கதையை எண்ணிப் பார்த்தோம். பெண்கள் மூவர் இருந்தனர். ஒருத்தி முன்னரே இறந்த தாய்; ஒருத்திக்குப் பெயரில்லை; தலைவி அழுவதற்கன்றி வாய் திறக்கவில்லை. தோட்டத்தில் நாள்தோறும் பெண்களின் பெயரைத் தவறாது பதியும் நாம், நம் கதையில் அவர்களைப் பதியாமல் விட்டோம்.

பிறகு, மரத்தடியில் என்னதான் பேசுவீர்கள் என்று அக்காளைக் கேட்டோம். அரிசி விலை, முழங்கால் வலி, சங்கக் கூட்டம், பிள்ளைகளின் படிப்பு என்று அடுக்கினார். இடையே, நம் பரீட்சைக் கட்டணத்திற்குப் பணமில்லாதபோது அவ்விருவரும் சீட்டுப் பிடித்து அதனைக் கட்டியதையும், அம்முடிவு ஒரு நாள் காலையில் இரு நிரைகளுக்கு நடுவே பேசி முடிந்ததையும் கூறினார். அதுகாறும் நாம் அதனை அறிந்திலோம். நம் வாழ்வின் திருப்பம் நம் காதில் விழாத இரு பெண்களின் பேச்சில் நிகழ்ந்திருக்கின்றது! அப்பேச்சு ஆடவனாகிய நம்மைப் பற்றியதாதலால் சோதனையின் விதிப்படி அது தோற்றதேயாகும். தோற்கட்டும். அப்படியொரு பேச்சு நடந்ததென்று நமக்குத் தெரிவித்தது, ‘இவள் யாரிடமும் பேசமாட்டாளா?’ என்ற அந்த எளிய வினாவே.

ஆகவே நமது துணிபு இது: சோதனை ஒரு செக்ரோல். யார் வந்தார், யார் பெயர் விடுபட்டது என்பதை அது காட்டும். வந்தவர் பெருமையை அதனிடம் கேட்கலாகாது. ஒரு நூலை அதனால் தள்ளுவதோ கொள்ளுவதோ முறையன்று. பத்துக் கதைகளை எடுத்து அளந்து, எட்டுக் கதைகளில் பெண்கள் தம்முள் பேசவே இல்லையென்று கண்டால், அப்பொழுது எழுத்தாளரையும் பதிப்பாளரையும் காரணம் கேட்பது வாசகர் கடமை.

நேயர்கள் அடுத்து ஒரு கதையைப் படிக்கும்போதோ படத்தைப் பார்க்கும்போதோ வீட்டுப் பெண்களையும் உடன் வைத்துக்கொண்டு இவ்வினாக்களைக் கேட்பார்களாக. விடையை முதலில் அவர்களே கூறட்டும். எழுதும் அன்பர்கள் தம் கதையை அச்சுக்கு அனுப்புமுன் ஒருமுறை பெயர் கூப்பிட்டுப் பார்ப்பார்களாக. நாமும் நம் பழைய கதையை மீண்டும் எழுதிக்கொண்டிருக்கிறோம். இம்முறை பக்கத்து நிரை அக்காவுக்கு ஒரு பெயர் இருக்கிறது.